ரீனோவில் எழுதப்பட்ட தீர்ப்பு

2009ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் நனைந்தபடி, காங்கயம் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து ஒரு பெண் தன் அண்ணனோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கோவையில் நான் குடும்பநல வழக்குகள் நடத்தத் தொடங்கி அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைத்திருந்த உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அமெரிக்காவில் ஒரு மாநில நீதிமன்றம் வழங்கிய மணவிலக்குத் தீர்ப்பின் நகல் அது. மொத்தம் நான்கு பக்கம். எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை, மணவாழ்க்கை மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது, எனவே திருமணம் கலைக்கப்படுகிறது என்பதே சாரம். ஜீவனாம்சம் பற்றி ஒரு வரியும் இல்லை. திருமணமாகி ஆறு ஆண்டுகளில் அவர் கணவரோடு சேர்ந்து வாழ்ந்தது ஐந்து மாதம். விசா வந்ததும் கூட்டிக்கொள்வதாகச் சொல்லிப் போனவர் அனுப்பிய கடைசிக் கடிதம் இந்தத் தீர்ப்புதான்.

நான் படித்துவிட்டு நிமிர்ந்து, தெம்பாகச் சொன்னேன்: "கவலைப்படாதீங்க. இந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. சட்டப்படி நீங்க இன்னைக்கும் அவரோட மனைவிதான்."

அண்ணனின் முகம் தெளிந்தது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அது எனக்கு எதுக்குங்க்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஜீவனாம்சம் கேட்கலாம், அவர் மறுமணம் செய்திருந்தால் இருதார மணக் குற்றத்துக்குப் புகார் கொடுக்கலாம் என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. ஐந்து மாதம் பார்த்த ஒருவருக்கு மனைவியாக இருப்பதை நான் ஏன் ஒரு வெற்றிபோலச் சொன்னேன் என்றுதான் கேட்டார்.

அன்றிரவு, இத்தகைய வழக்குகளில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் 1974ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மறுபடி எடுத்தேன். சத்யா எதிர் தேஜா சிங். அதற்குமுன் எத்தனையோ முறை அதன் கடைசிப் பக்கங்களை மட்டும் படித்து மேற்கோள் காட்டியிருக்கிறேன். முழுதாகப் படித்தபோதுதான், ஜலந்தரில் தொடங்கிய அந்த வழக்கைத் தீர்க்க நம் நீதிபதி அமெரிக்காவின் ஒரு பழைய சண்டைக்குள் போய்வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. ஒரு மாநிலம் தந்த மணவிலக்கை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டுமா என்ற சண்டை. நூறாண்டுக்கும் மேலாக நடந்த அந்தச் சண்டையைத் தேடிப் படித்ததில் கிடைத்ததே இந்தக் கட்டுரை.

ஒரே நாட்டில் பல திருமணச் சட்டங்கள்

நமக்கு இது முதலில் புரிவது கடினம். கோவைக் குடும்பநல நீதிமன்றம் தரும் மணவிலக்கு கொல்கத்தாவிலும் செல்லும்; யாரும் கேள்வி கேட்பதில்லை. அமெரிக்காவில் திருமணமும் மணவிலக்கும் மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டவை. தென் கரோலினாவில், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளைத் தவிர, 1949 வரை மணவிலக்கே கிடையாது. நியூயார்க்கில் 1787 முதல் 1967 வரை திருமணத்துக்கு வெளியேயான உறவுதான் ஏறத்தாழ ஒரே காரணம். கணவன் தினமும் அடிக்கிறான் என்றால் தனியாக வாழ உத்தரவு வாங்கலாம். திருமணத்தை முடித்துக்கொள்ள முடியாது. இதனால், விடுதி அறையில் கணவனோடு யாரோ ஒரு பெண்ணை உட்காரவைத்துப் புகைப்படமெடுத்துச் சாட்சியம் தயாரிப்பது நியூயார்க்கில் ஒரு தொழிலாகவே நடந்தது. அதே காலத்தில் இண்டியானா, தெற்கு டகோட்டா, நெவாடா போன்ற மாநிலங்கள் அடுத்தடுத்துத் தங்கள் கதவைத் திறந்துவைத்தன. சில வாரமோ சில மாதமோ அங்கே வசித்தால் போதும்.

மாநிலங்கள் ஒன்றின் நீதிமன்றத் தீர்ப்பை மற்றொன்று முழு நம்பிக்கையோடு மதிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க அரசமைப்பின் நான்காம் பிரிவு. ஆனால் தீர்ப்பளித்த நீதிமன்றத்துக்கு அந்தத் தம்பதியின் மீது அதிகாரம் இருந்திருக்க வேண்டும். அந்த அதிகாரம் எதிலிருந்து வருகிறது? நிலையான வசிப்பிடத்திலிருந்து. 'டொமிசைல்' என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். வெறுமனே தங்கியிருக்கும் இடத்தை அது குறிக்காது. திரும்பிப் போகும் எண்ணமில்லாமல் வாழும் இடத்தைக் குறிக்கும்.

கணவன் ஒரு மாநிலத்தில், மனைவி இன்னொரு மாநிலத்தில் என்றால், அவள் வசிப்பது எங்கே? இன்று நமக்கு இது சின்னக் கேள்வி. அன்றைய ஆங்கிலேயப் பொதுச்சட்டம் தந்த பதில் விசித்திரமானது. கணவன் வசிக்கும் இடமே மனைவியின் வசிப்பிடம். அவள் பிறந்த ஊரைவிட்டு ஓரடி நகராவிட்டாலும், அவன் விஸ்கான்சினுக்குக் குடிபோனால் அவளும் விஸ்கான்சின்காரி. எல்லை தாண்டிய மணவிலக்கின் வரலாறு முழுக்க இந்த ஒரு விதியோடு பெண்கள் நடத்திய வழக்காகவே எனக்குத் தெரிகிறது.

துணைக்கு ஓர் ஆண் வேண்டும்

ஹல்டா பார்பர் என்ற நியூயார்க் பெண் 1840களில் கணவனிடமிருந்து பிரிந்து வாழவும் ஜீவனாம்சம் பெறவும் தன் மாநில நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். கணவர் பணம் கட்டாமல் விஸ்கான்சினுக்குப் போய்விட்டார். அங்கே, மனைவி தன்னைக் கைவிட்டுவிட்டதாகச் சொல்லி மணவிலக்கும் வாங்கிக்கொண்டார். பாக்கி ஜீவனாம்சத்துக்காக ஹல்டா விஸ்கான்சினில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். வெவ்வேறு மாநிலத்தவருக்கு இடையிலான வழக்கை மட்டுமே அந்த நீதிமன்றம் எடுக்கும். கணவரின் வாதம் எளிமையானது: மனைவியின் வசிப்பிடம் என் வசிப்பிடம்தான், நாங்கள் இருவரும் ஒரே மாநிலத்தார், எனவே வழக்கே நிற்காது.

1859இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நீதிமன்ற உத்தரவால் பிரிந்து வாழும் மனைவிக்குத் தனி வசிப்பிடம் இருக்க முடியும் என்றது. மூன்று நீதிபதிகள் மறுத்தெழுதினார்கள். பத்தாண்டு கழித்து, 1869இல் இண்டியானாவில் மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணின் வழக்கில், தேவை ஏற்படும்போது மனைவி தனக்கென வசிப்பிடம் அமைத்துக்கொள்ளலாம் என்று அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி முன்னே போனது.

பார்பர் வழக்கில் என்னை நிறுத்தியது அதன் தலைப்பு. ஹல்டா தன் பெயரில் மட்டும் வழக்குப் போடவில்லை. 'அடுத்த நண்பர்' என்று சட்டம் அழைக்கும் ஓர் ஆணின் வழியாகப் போட்டார். சிறுவர்களுக்காகப் பெரியவர் ஒருவர் வழக்கு நடத்துவதுபோல. தனக்கென ஒரு வசிப்பிடம் உண்டு என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் நிறுவிய பெண்ணுக்கு, அந்த நீதிமன்றத்தின் வாசலைத் தாண்ட ஓர் ஆண் துணை தேவைப்பட்டது.

இதே காலத்தில் பெண்ணுரிமை இயக்கத்துக்குள்ளும் மணவிலக்கு ஒரு பிளவை உண்டாக்கியது. 1860இல் நியூயார்க்கில் நடந்த தேசியப் பெண்ணுரிமை மாநாட்டில் எலிசபெத் கேடி ஸ்டாண்டன் மணவிலக்கைத் தளர்த்தக் கோரும் தீர்மானங்களை முன்வைத்தார். அடிமைமுறை ஒழிப்பில் முன்னின்ற வெண்டல் பிலிப்ஸ், அவற்றை மாநாட்டுக் குறிப்பிலேயே ஏற்றக்கூடாது என்றார். அந்தோனெட் பிரவுன் பிளாக்வெல் என்ற பெண் போதகரும் திருமணம் கலைக்கக்கூடாதது என்று எதிர்த்துப் பேசினார். பின்னாளில் நாடு முழுமைக்கும் ஒரே கண்டிப்பான மணவிலக்குச் சட்டம் வேண்டுமென்று மதத் தலைவர்கள் கேட்டபோது ஸ்டாண்டன் அதை எதிர்த்தார். தப்பியோடிய அடிமைகளுக்குக் கனடா எப்படியோ, துன்பப்படும் மனைவிகளுக்குத் தளர்ந்த சட்டம் கொண்ட மாநிலங்கள் அப்படி என்று 1890இல் எழுதினார். ஒரு வெள்ளையினப் பெண் இந்த ஒப்பீட்டை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டதில் எனக்குச் சங்கடம் உண்டு. ஆனால் ஓடிப்போக ஓர் எல்லையாவது இருக்கட்டும் என்ற அவர் கவலை புரிகிறது.

அந்த எல்லையைத் தேடியவர்கள் யார்? அரசின் தொழிலாளர் ஆணையராக இருந்த கேரல் ரைட் 1889இல் வெளியிட்ட அறிக்கை, 1867 முதல் 1886 வரையிலான 20 ஆண்டுகளில் நாடு முழுவதும் 3,28,716 மணவிலக்குகள் என்று கணக்கிட்டது. அவற்றில் 2,16,176 மனைவிகளுக்கு வழங்கப்பட்டவை. மூன்றில் இரண்டு பங்கு. மணவிலக்கு என்றாலே ஓடிப்போகும் கணவன் என்று நினைத்துப் பழகியிருந்த என்னை அந்த எண்கள் கொஞ்சம் உலுக்கின.

எல்லைக் கம்பத்தின் இரு பக்கம்

1868இல் நியூயார்க்கில் திருமணம் செய்துகொண்ட ஹாடக் தம்பதி திருமணத்தன்றே பிரிந்தார்கள். கணவர் கனெக்டிகட் போய், 1881இல் அங்கே மணவிலக்கு வாங்கினார். மனைவி நியூயார்க்கை விட்டு நகரவில்லை. அந்த வழக்கில் ஆஜராகவும் இல்லை. 1899இல் அவர் நியூயார்க்கில் ஜீவனாம்ச வழக்குப் போட்டபோது கணவர் கனெக்டிகட் தீர்ப்பை நீட்டினார். 1906இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நியூயார்க் ஏற்க வேண்டியதில்லை என்றது. மனைவியைக் கைவிட்டுப் போனவன் தன் திருமண வாழ்க்கையின் இருப்பிடத்தையும் மடியில் கட்டிக்கொண்டு போய்விட முடியாது என்பது அதன் உட்பொருள். அவள் இருந்த இடம் அவளுடையது என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு.

ஆனால் விளைவு? கனெக்டிகட்டில் அவர் மணவிலக்குப் பெற்றவர். நியூயார்க்கில் அதே ஆள் திருமணமானவர். ரயிலில் ஓர் எல்லையைக் கடக்கும்போது ஒருவரின் மனைவி மனைவியாகிறார், மீண்டும் கடக்கும்போது இல்லாமற்போகிறார். எந்த எல்லையையும் கடக்காத மனைவிக்கோ ஜீவனாம்சத்தோடு, 38 ஆண்டுகளாக இல்லாத ஒரு கணவரும் கிடைத்தார். காங்கயத்துப் பெண்ணிடம் நான் சொன்ன நல்ல செய்தியும் இதேதான்.

42 நாள் வசிப்பிடம்

நெவாடா கனிமம் வற்றிய பாலைநிலம். வருமானத்துக்கு வழிதேடிய அந்த மாநிலம், வசிக்க வேண்டிய காலத்தை 1927இல் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகவும், 1931இல் ஆறு வாரமாகவும் குறைத்தது. சூதாட்டத்தைச் சட்டமாக்கியதும் அதே 1931 மார்ச்சில்தான். ட்ரக்கி ஆற்றங்கரையில் உள்ள ரீனோ நகரம் மணவிலக்குத் தலைநகராயிற்று. 'மணவிலக்குப் பண்ணைகள்' என்றே பெயர்பெற்ற தங்குமிடங்களில், கிழக்கிலிருந்து ரயிலேறி வந்த பெண்கள் 42 நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாள் முடிந்ததும் நீதிமன்றத்தில் சில நிமிட வேலை. தினமும் இவரைப் பார்த்தேன் என்று விடுதிக்காரர் சாட்சி சொல்வார். நெவாடாவையே வீடாகக் கொள்ளும் எண்ணமா என்ற கேள்விக்கு ஆம் என்பார்கள். பெரும்பாலும் காரணம் மனக்கொடுமை. அன்று மாலையே ஊருக்கு ரயில்.

அந்த 'ஆம்' ஒரு பொய் என்பது நீதிபதி உட்பட எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பொய்யைச் சொன்ன பெண்களை என்னால் குறைசொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நியூயார்க் அவர்களை விடுவித்திருக்காது. மறுபக்கம், அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. ரயில் கட்டணம், ஆறு வாரத் தங்குமிடச் செலவு, வக்கீல் கட்டணம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு வர முடிய வேண்டும். அன்றைய நெவாடா விடுதிகள் பல கறுப்பினத்தவருக்கு அறை தருவதில்லை. பிள்ளைகளோடு வீட்டில் இருந்தவள் எங்கே போவாள்?

போகாமல் இருந்தவளின் கேள்வி 1940இல் பெரிய அளவில் வெடித்தது. வட கரோலினாவின் கடைக்காரர் வில்லியம்ஸும், அவர் கடை ஊழியரின் மனைவி ஹெண்ட்ரிக்ஸும் லாஸ் வேகஸ் போனார்கள். ஆறு வாரம் தங்கினார்கள். தத்தம் துணையிடமிருந்து மணவிலக்குப் பெற்றார்கள். ஒருவரையொருவர் மணந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். வட கரோலினா அவர்கள்மீது இருதார மண வழக்குப் போட்டுத் தண்டித்தது. 1942இல் உச்ச நீதிமன்றம் ஹாடக் தீர்ப்பைத் தள்ளிவைத்தது: இருவரில் ஒருவர் உண்மையாகவே நெவாடாவில் வசித்தால் போதும், மற்ற மாநிலங்கள் மதித்தாக வேண்டும். வழக்கு திரும்ப விசாரணைக்குப் போனது. நெவாடா வசிப்பிடமே போலி என்று நிறுவி வட கரோலினா மறுபடி தண்டித்தது. 1945இல் அதே உச்ச நீதிமன்றம் அதையும் சரி என்றது. வசிப்பிடம் உண்மையா என்பதை மற்ற மாநிலம் மறுபடி ஆராயலாமாம். அன்று நாடு முழுவதும் நெவாடாத் தீர்ப்பை வைத்து மறுமணம் செய்திருந்தவர்கள் ஒரே நாளில் தங்கள் திருமணத்தைச் சந்தேகிக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு தீர்ப்புகளிலும் இரு மாநிலங்களின் கண்ணியம் பற்றி நிறையப் பேச்சு உண்டு. 24 ஆண்டு வாழ்ந்த பிறகு கைவிடப்பட்ட வில்லியம்ஸின் முதல் மனைவிக்கு என்ன வேண்டும் என்பது பற்றி இல்லை. கூண்டில் நின்ற இருவரில் ஒருவர் பெண் என்பதும், இன்னொரு மாநிலத்துக்குப் போய்த் தன் திருமணத்தை முடித்துக்கொண்டதற்காக அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது என்பதும் பேசப்படாமலே போயின.

திருமணம் வேறு, சோறு வேறு

1948இல் வந்த எஸ்டின் வழக்குதான் எனக்கு நம்பிக்கை தந்தது. நியூயார்க்கில் கணவன் விட்டுப்போன ஒரு பெண் 1943இல் மாதம் 180 டாலர் ஜீவனாம்சத்துக்கு உத்தரவு வாங்கியிருந்தார். கணவர் நெவாடா போய், 1945இல் மனைவி ஆஜராகாமலே மணவிலக்குப் பெற்று, பணத்தை நிறுத்தினார். திருமணமே இல்லை, ஜீவனாம்சம் எதற்கு என்பது அவர் கேள்வி.

உச்ச நீதிமன்றம் முடிச்சை இரண்டாகப் பிரித்தது. நெவாடாவில் அவர் வசித்ததால் திருமணத்தை முடிக்கும் அதிகாரம் நெவாடாவுக்கு உண்டு, திருமணம் முடிந்தது. ஆனால் நெவாடாவில் கால்வைக்காத, அங்கே தன் தரப்பைச் சொல்லாத பெண்ணின் ஜீவனாம்ச உரிமையைத் தொட அதற்கு அதிகாரமில்லை. 180 டாலர் தொடர வேண்டும். பிரிக்கத்தக்க மணவிலக்கு என்று இதற்குப் பெயர் வந்தது. தாங்கள் திருமணமானவர்களா, ஆம் என்றால் யாரோடு என்பதையாவது மக்கள் தெரிந்துகொள்ள வழிசெய்ய வேண்டாமா என்று நீதிபதி ஜாக்சன் இதில் எரிச்சலோடு மறுத்தெழுதினார். அவர் எரிச்சல் நியாயமானது. ஆனாலும் இந்தக் குழப்பமான தீர்ப்புதான், போகிறவரின் விடுதலையையும் இருப்பவரின் வாழ்வாதாரத்தையும் தனித்தனியாகப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தது. 1957இல் வாண்டர்பில்ட் வழக்கில், முன்கூட்டியே ஜீவனாம்ச உத்தரவு வாங்காத மனைவிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்றானது. 1953இல் குழந்தைகள் விஷயத்திலும் இதே தர்க்கம் வந்தது. தாய் ஆஜராகாத வழக்கில் விஸ்கான்சின் நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் கொடுத்ததற்கு, தாய் வாழும் ஒஹையோ கட்டுப்பட வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்.

பிறகு கதவுகள் உள்ளூரிலேயே திறந்தன. 1970 முதல் கலிபோர்னியாவில் யார்மீதும் குற்றம் சுமத்தாமல் மணவிலக்குப் பெற முடிந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. கடைசியாக வந்தது நியூயார்க், 2010இல். ரீனோவுக்குப் போகும் ரயிலுக்குத் தேவை குறைந்தது. ஆயினும் 2004க்குப் பின் மாசசூசெட்ஸில் மணந்துகொண்ட ஒருபாலினத் தம்பதிகள் வேறு மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்தபோது பழைய கதை வேறு உருவில் திரும்பியது. உங்கள் திருமணத்தையே நாங்கள் ஏற்கவில்லை, பிறகு எப்படி மணவிலக்குத் தருவது என்று சில மாநிலங்கள் கைவிரித்தன. 2015இல்தான் அது முடிவுக்கு வந்தது.

ஜலந்தருக்கு வந்த காகிதம்

ரீனோவின் ரயில்கள் குறைவதற்கு முன், 1964 டிசம்பர் 30 அன்று, நெவாடாவின் வாஷோ மாவட்டத்துக்கான நீதிமன்றம் இன்னொரு மணவிலக்கு வழங்கியது. வாஷோவின் தலைநகரம் ரீனோதான். கணவர் பஞ்சாபில் வன அதிகாரியாக இருந்து 1959இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். படித்ததும் வேலைபார்த்ததும் பெரும்பாலும் யூட்டா மாநிலத்தில். மனைவி சத்யா இரண்டு பிள்ளைகளோடு ஜலந்தரில் இருந்தார். 1965 ஜனவரியில் சத்யா ஜீவனாம்ச மனு கொடுத்தபோதுதான் தான் ரீனோவில் மணவிலக்குச் செய்யப்பட்டிருப்பதை எதிர்கொள்ள நேர்ந்தது. மாஜிஸ்திரேட் சத்யாவுக்கு மாதம் 300 ரூபாயும் பிள்ளைகளுக்குத் தலா 100 ரூபாயும் உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், மனைவியின் வசிப்பிடம் கணவனின் வசிப்பிடமே. ஜலந்தரில் பிள்ளைகளோடு இருந்த சத்யா, சட்டத்தின் கண்ணில் நெவாடாவாசி.

எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? 1859இல் விஸ்கான்சினில் ஹல்டாவுக்கு எதிராகச் சொல்லப்பட்ட அதே வாதம். நமக்கு அது ஆங்கிலேயர் வழி வந்தது. 1895இல் இலங்கையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன லெ மெசூரியர் வழக்கு, தம்பதியின் வசிப்பிடமே மணவிலக்கு அதிகாரத்தின் ஒரே அளவுகோல் என்று பேரரசு முழுவதற்கும் விதித்தது. தம்பதியின் வசிப்பிடம் என்றால் கணவனின் வசிப்பிடம். இங்கிலாந்தே மனைவியின் இந்தச் சார்பு வசிப்பிடத்தை 1974 தொடக்கத்திலிருந்து ஒழித்துவிட்டது.

அதே 1974 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் சத்யாவின் பக்கம் தீர்ப்பளித்தார். அமெரிக்க மாநிலங்களே நெவாடாத் தீர்ப்பைக் கேள்வி கேட்கும்போது நாம் ஏன் கண்ணைமூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்ற வழியில் போனது அவர் வாதம். கணவர் நெவாடாவில் வசித்ததாகச் சொன்னது பொய். நீதிமன்றத்தை ஏமாற்றி வாங்கிய தீர்ப்பு செல்லாது என்றார். வெளிநாட்டு மணவிலக்குகளை எப்போது ஏற்பது என்று நாடாளுமன்றம் சட்டமியற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். சட்ட ஆணையம் 1976இல் தன் 65ஆம் அறிக்கையில் இதைப் பரிந்துரைத்தது. சட்டம் வரவில்லை.

சட்டம் வராத இடத்தை 1991இல் இன்னொரு தீர்ப்பு நிரப்பியது. திருப்பதியில் மணந்து, மிசூரியில் மணவிலக்குப் பெற்ற ஒருவரின் வழக்கான நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி. எந்தச் சட்டப்படி மணந்தார்களோ அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் நீதிமன்றம், அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்துக்காகத் தந்தால்தான் வெளிநாட்டு மணவிலக்கு இங்கே செல்லும். மற்றவர் மனமுவந்து அங்கே வழக்காடியிருந்தாலோ ஒப்புதல் தந்திருந்தாலோ விதிவிலக்கு உண்டு என்று நீதிபதி சாவந்த் வகுத்தார். மணமுறிவு மட்டுமே காரணம் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் அப்படியொரு காரணம் இல்லை. என் கட்சிக்காரரின் நான்கு பக்கத் தீர்ப்பு செல்லாது என்று நான் தெம்பாகச் சொன்னது இதை வைத்துத்தான்.

கேடயத்தின் மறுபக்கம்

விட்டுப்போன கணவர்களுக்கு எதிராக இந்தக் கேடயத்தை நானும் பலமுறை பிடித்திருக்கிறேன். அதன் மறுபக்கத்தைப் பார்க்க வைத்தவர் சில ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு பெண். அமெரிக்காவில் அடிபட்டு, காவல்துறையை அழைத்து, காப்பகத்தில் தங்கி, அங்கேயே மணவிலக்கும் பெற்று ஊர் திரும்பியவர். கணவர் அந்த வழக்கில் ஆஜராகவில்லை. இந்தியா வந்ததும், என் மனைவி என்னோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று இங்கே மனுப் போட்டார். அவர் வக்கீல் என் முன்னால் எடுத்துவைத்தது அதே 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு. எக்ஸ்பார்ட்டி, மணமுறிவு, எனவே செல்லாது. நான் பல வழக்குகளில் பேசிய வரிகளை எதிர்த்தரப்பின் வாயிலிருந்து கேட்டேன்.

அப்போதுதான் எஸ்டின் வழக்கின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது. நாம் ஒரே கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்: வெளியூர்த் தீர்ப்பு செல்லுமா, செல்லாதா? செல்லும் என்றால் ஜலந்தரில் இருக்கும் சத்யாவின் 300 ரூபாய் போய்விடும். செல்லாது என்றால் தப்பிவந்த பெண் மறுபடி மனைவியாகிவிடுவாள். திருமணம் முடிந்ததா என்பதையும், இருப்பவளுக்குச் சேர வேண்டியது என்ன என்பதையும் தனித்தனியாகக் கேட்டால் இந்த இருவரில் யாரையும் பலிகொடுக்க வேண்டியதில்லை. இங்கே மணவிலக்குப் பெற்ற மனைவியும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஜீவனாம்சத்துக்காக ஒருத்தி மனைவியாகவே நீடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எங்கள் வாதங்கள்தான் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

காங்கயத்துப் பெண்ணுக்காக அந்த அமெரிக்கத் தீர்ப்பைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரி நான் மனுப் போடவில்லை. அவரே மனுதாரராக, கைவிட்டுப் போனதைக் காரணம் காட்டி, மணவிலக்கும் ஜீவனாம்சமும் நகையும் கேட்டோம். வெளிநாட்டுக்குச் சம்மன் போய்ச்சேரவே ஒன்றரை ஆண்டு. மொத்தம் நான்கு ஆண்டுகள். "அவன்தான் குடுத்துட்டானே, நாம எதுக்கு மறுபடி கேக்கோணும்?" என்று அண்ணன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேட்பார். தங்கை பதில் சொல்லமாட்டார். பேருந்துக்கு நேரமாயிற்று என்பார்.

தீர்ப்பு வந்த அன்று சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு நகல் வேண்டும் என்றார். எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்ணு எனக்குங்க்கா. இன்னொண்ணு அவருக்கு அனுப்போணும். நானும் ஒரு கடுதாசி போட்டுறேன்."

இப்போது அவர் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுகிறார். அந்த இரண்டாவது நகலைப் பதிவுத் தபாலில் அனுப்ப, உறையின்மேல் விலாசம் எழுதிக் கொடுத்தது நான்தான். அனுப்புநர் இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லி, தன் பெயரையும் ஊரையும் அவரே எழுதினார்.